பிடித்து நின்றவர்களின் சரித்திரம்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லைகளாக அமைய, இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் வானத்தை நம்பியே வாழ்ந்துவரும் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் பெருமைகளைச் சொல்லப் புகுந்தவர்கள், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலையும், ரஞ்சன்குடிக் கோட்டையையும், அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களின் வைபவங்களையும், ஆதியில் கடலாய்க் கிடந்த இடத்தில் கல்லாய்ச் சமைந்துபோன கிளிஞ்சல்களையும் சொல்லி முடித்த பின்பு, சுண்ணாம்புக் கல்லிலும் சிமெண்டு ஆலையிலும் வந்து நின்றுவிடுவது வழக்கம். திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் அங்கமாக நெடுங்காலம் இருந்த இந்தப் பிரதேசம் 1995-இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்ததையும், அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு வருஷமே பழையபடி இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனித்து நின்றதையும் எந்தக் கையேட்டிலும் காணலாம். ஆனால் களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் கோயில் திடலிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த சடுகுடு என்னும் கபடிக்கு அந்தக் கையேடுகளில் ஒரு பக்கமும் கிடையாது. அந்த ஆட்டத்திலும் குறிப்பாக, பாடி வருபவனை மடக்கிப் பிடிப்பதையே தன் தொழிலாகக் கொண்டு, பதினைந்து இருபது வருஷ காலம் மண்ணில் புரண்டு எழுந்த ஆட்டக்காரனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அவனுடைய ஜீவிய சரித்திரத்தை இயன்றவரை தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஆட்டக்காரன் உலகத்தில் எங்கும் உண்டு. அமெரிக்க தேசத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய லீக்குகளுக்குக் கீழே சிறிய லீக்குகள் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1901-இல் அவை ஒரு சங்கமாகத் திரண்டு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு 1949-இல் 59 லீக்குகளாகப் பெருகி நின்றன. பந்தை அடித்து ஓடுகிறவனுக்கு ஆரவாரமும், உள்வட்டத்தில் குனிந்து நின்று தரையோடு சீறி வரும் பந்தைப் பொறுக்கி எறிகிறவனுக்கு அடக்கமான மதிப்பும் கிடைப்பது அங்கேயும் இயல்புதான். ஆயினும் ஒரு பேதம் உண்டு. சிற்றூர் சிற்றூராகப் பஸ்ஸில் பிரயாணம் செய்து, பெரிய லீக்கை ஒருநாளும் எட்டாமலே ஓய்ந்துபோன உள்வட்ட ஆட்டக்காரனுக்குக்கூட, எத்தனை ஆட்டம் ஆடினான், எத்தனை பந்தைத் தவற விட்டான் என்ற கணக்கு அந்தத் தேசத்தில் அச்சேறி நிற்கிறது. நம் சீமையில் பத்து ஊர் கூடி மெச்சிய பிடியாட்டக்காரனுடைய பெயர் அவன் பேரனுக்குத் தெரிந்திருந்தால் அதுவே அதிகம்.

சடுகுடுவின் ஆதியைப் பற்றி அபிமானிகள் சொல்லும் கதைகள் பல. சக்கர வியூகத்தில் நுழைந்து மீளாமற்போன அபிமன்யுவை முதல் ஆட்டக்காரனாகச் சொல்வோரும், ஏறு தழுவுவதற்குச் செய்த பயிற்சியே இதுவென்று சாதிப்போரும் உளர். இவற்றுக்குச் சாட்சியம் தேடிப் போவதில் பிரயோஜனம் இல்லை. நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது, இது வேளாண் குடிகளின் ஓய்வுக்காலத்தை ஒட்டி வளர்ந்த ஆட்டம் என்பதே. பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் விளையும் மானாவாரிக் கரிசலில், ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்து விதைத்தவனுக்குத் தை, மாசியில் அறுவடை முடிந்தால், அடுத்த மழை வரையில் நிலத்தில் அதிக வேலை கிடையாது. கிழக்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி உண்டு. தெற்கே திருமானூரைச் சார்ந்த கொள்ளிடக் கரையில் நெல் உண்டு. மற்றப் பகுதிகளில் வாலிபர்களின் கையும் காலும் சும்மா இருக்கும் மாதங்கள் ஏராளம். பொங்கலில் தொடங்கி சித்திரைத் திருவிழாக்கள் முடியும் வரையில் இந்த ஆட்டம் உச்சத்தில் இருந்ததற்கும், ஒரு காசு செலவில்லாமல், பந்தோ மட்டையோ வலையோ இல்லாமல், வெறும் உடம்பையும் மூச்சையும் மட்டும் மூலதனமாகக் கொண்டு ஆட முடிந்ததற்கும், இந்தப் பூமியின் பஞ்சமும் வெயிலுமே காரணம்.

களம் அமைப்பதிலும் பூமியின் குணம் புகுந்து விளையாடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும் கரிசல் நிலத்தில் ஒருவன் காலை ஒருவன் பற்றி இழுத்தால் முழங்கால் மிஞ்சாது. ஆகையால் செம்மண்ணையோ மணலையோ வண்டியில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, கொத்திப் பதமாக்கி, சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழிப்பார்கள். முறைப்படியான களம் என்பது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது, நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு, அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. பக்கத்துக்கு ஏழு பேர். ஆனால் இந்த அளவுகளெல்லாம் வருவதற்கு முன்பு, திடல் எவ்வளவோ அவ்வளவே களம், வந்தவர் எத்தனை பேரோ அத்தனை பேரே அணி என்று ஆடிய காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் கடிகாரம் கிடையாது. பாடி வருகிறவனுடைய மூச்சே கடிகாரம். பாட்டு அறுந்தால் அவன் அவுட்.

இந்த நாட்டுப்புற ஆட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் ஏற்பட்டது மேற்கே, மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும், 1920-களை ஒட்டிய வருஷங்களில். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டியின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இதை அந்நிய தேசத்தாருக்கு ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்திய சம்மேளனம் தோன்றி, 1952-இல் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி சென்னைப் பட்டணத்திலேயே நடைபெற்றது. பெண்களுக்கான போட்டி 1955-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. இந்த விதிகள் குக்கிராமம் வரையில் வந்து சேர்ந்தது, ஹைஸ்கூல்களின் டிரில் மாஸ்டர்கள் வழியாக என்றே சொல்லலாம். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியிலும், பிற்காலத்தில் தோன்றிய அதைப் போன்ற ஸ்தாபனங்களிலும் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள், விசிலும் விதிப் புத்தகமும் கையுமாக ஜில்லாக்களுக்குப் பரவினார்கள். ஊர்த் திடலில் தான்தோன்றியாக ஆடிக்கொண்டிருந்த பையன், எந்தக் கோட்டைத் தாண்டினால் பாட்டு செல்லும், எங்கே பிடித்தால் பௌல் என்பதை அவர்களிடமே கற்றான். மயிரைப் பிடிக்கக்கூடாது, துணியைப் பிடிக்கக்கூடாது, பாட்டை நிறுத்த வாயைப் பொத்தக்கூடாது என்ற விதிகள், அவற்றுக்கு முன்னால் களத்தில் என்னென்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் போதுமானவை.

பள்ளிக்கூடம் செய்த இன்னொரு காரியமும் உண்டு. ஊர்களில் அணி என்பது தெருவை ஒட்டியே அமைந்தது. தெரு என்பது ஜாதியை ஒட்டி அமைந்தது. தொடாமல் ஆட முடியாத ஓர் ஆட்டம், தொடுவதற்கே தடை விதித்த சமூகத்தில் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அவரவர் தெருவுக்குள் அவரவர் ஆடிக்கொண்டார்கள் என்பதே விடை. ஒரு தெருப் பையன் மற்றொரு தெருப் பையனுடைய கையைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக நின்றதும், ஒருவன் காலைப் பற்ற மற்றவன் இடுப்பைக் கட்டியதும் பள்ளி அணிகளிலும் பிற்பாடு கம்பெனி அணிகளிலுமே தாராளமாக நிகழ்ந்தன. அது எல்லா ஊரிலும் மனமொப்பி நிகழ்ந்ததென்றோ, இன்று முழுவதும் நிறைவேறிவிட்டதென்றோ சொல்வதற்கில்லை.

இனிப் பிடியாட்டத்தின் நுட்பத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். ஏழு பேரும் பிறைபோல் வளைந்து நிற்க, இரு ஓரத்திலும் நிற்பவர் கார்னர்; அவர்களுக்கு அடுத்து உள்ளே நிற்பவர், அதற்கும் அடுத்துக் கவர், நடுவில் சென்டர் என்று ஸ்தானங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கார்னரும் அவனுக்கு அடுத்தவனும் கைகோத்து நிற்பார்கள். பாடி வருகிறவன் தோளை ஒரு பக்கம் ஆட்டி, கண்ணை மறு பக்கம் காட்டி, கையை நீட்டி நீட்டி இழுப்பான். இவையெல்லாம் வேஷம். அவனுடைய முகத்தைப் பார்க்கிறவன் ஏமாந்தான்; பாதத்தைப் பார்க்கிறவனே பிழைத்தான். தேர்ந்த கார்னர், இடுப்பைத் தாழ்த்தி, எடையை முன்விரல்களில் வைத்துக்கொண்டு, வருகிறவனுடைய ஒரு கால் மண்ணில் முழுவதும் ஊன்றும் கணத்துக்காகக் காத்திருப்பான். ஊன்றாத காலைப் பற்றினால் அது உதறிக்கொண்டு போய்விடும். ஊன்றிய காலின் கணுக்காலை இரு கையாலும் பூட்டி, தோளை அவன் முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து, தன் களத்தின் உட்பக்கமாகச் சாய வேண்டும். அவ்வாறு சாய்ந்த கணமே கவர் பாய்ந்து இடுப்பையோ தொடையையோ கட்டாவிட்டால், பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை எட்டித் தொட்டுவிடுவான். ஒரு பாயிண்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று பேர் அவுட். அவசரப்பட்ட ஒருவனால் அணி முழுவதும் காலியாகிவிடும். ஆகவே பிடியாட்டம் என்பது பலத்தைவிடப் பொறுமையிலும், தனி ஒருவனின் சாமர்த்தியத்தைவிட இருவருக்கிடையே ஏற்படும் பேசாத ஒப்பந்தத்திலும் நிலைபெற்ற வித்தை. ஒரு கார்னரும் ஒரு கவரும் பல வருஷம் ஒரே அணியில் சேர்ந்து ஆடினால்தான் அந்த ஒப்பந்தம் கைகூடும். பாடிப் போகிற வீரனை வெளியூரிலிருந்து ஒரு நாளைக்கு அழைத்து வரலாம்; பிடித்து நிற்கிற ஜோடியை அப்படி அழைத்து வருவது எளிதன்று.

பாடுகிறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும் கிடைக்கும் மதிப்பின் வேற்றுமையைத் திருவிழாப் போட்டிகளின் ஏற்பாடு நன்கு காட்டும். ‘மாபெரும் கபடிப் போட்டி’ என்ற தலைப்போடு நோட்டீஸ் அச்சடித்து, முதற் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை உபயம், ஒலி ஒளி உபயம் என்று நன்கொடையாளர் பெயர்களை வரிசையாகப் போட்டு, நற்பணி மன்றத்தார் ஊர் ஊராக ஒட்டுவார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்திய அணிகள் சாயங்காலத்திலிருந்து வந்து சேர, டியூப் லைட் வெளிச்சத்தில் தொடங்கும் ஆட்டம், இறுதிப் போட்டிக்கு வரும்போது விடிந்துவிடும். மைக்கைப் பிடித்தவர் பாடிப் போகிறவனுடைய பெயரைக் கூவிக் கூவிச் சொல்வார். பிடித்தவனுக்கு ‘அருமையான பிடி’ என்ற பாராட்டு கிடைக்கும், பெயர் கிடைக்காது. சினிமாவும் அப்படித்தான். ‘கில்லி’ (2004), ‘வெண்ணிலா கபடிக்குழு’ (2009) போன்ற படங்கள் இந்த ஆட்டத்தைப் பட்டிதொட்டியெங்கும் மறுபடியும் பேசவைத்தன என்பது உண்மை. ஆனால் கடைசி நிமிஷத்தில் பாடிப் போய் மீள்கிறவனே அங்கும் கதாநாயகன். ஆட்டத்தை அந்தக் கடைசி நிமிஷம் வரையில் கைநழுவாமல் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் துணைநடிகர்கள்.

கேடயமும் ரொக்கமும் அணிக்குப் போய், பிரயாணச் செலவு போகப் பங்கிட்டால், ஆளுக்கு மிஞ்சுவது சொற்பமே. அப்படியிருந்தும் ஏழை வீட்டுப் பையன்கள் இந்த ஆட்டத்தை விடாமல் பற்றியதற்கு வெறும் விளையாட்டு மோகம் மட்டும் காரணமன்று. அதற்குப் பின்னால் உத்தியோகம் என்ற ஒரு நம்பிக்கை இருந்தது. அமெரிக்கச் சிறு லீக்கு ஆட்டக்காரன் பெரிய லீக்கை நோக்கி ஏறினான் என்றால், நம் ஆட்டக்காரன் மாதச் சம்பளத்தை நோக்கி ஏறினான். நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்து சேர்ந்த ரயில்வே பட்டறை, 1939-இல் கல்லக்குடியில் எழுந்த டால்மியா சிமெண்டு ஆலை, 1956-இல் அமைந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1960-களில் திருச்சிக்கு வந்த பாரத மிகுமின் நிறுவனம் என்று, இந்தச் சீமையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வேலை தரும் ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1979-இல் அரசாங்க சிமெண்டு ஆலை அரியலூருக்கே வந்தது. ரயில்வேயும், மின்சார வாரியமும், போலீஸ் இலாகாவும், வங்கிகளும் விளையாட்டு வீரர்களை உத்தியோகத்தில் அமர்த்தித் தம் பெயரால் அணிகளை ஆடவிட்டன. இன்று அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கென 3 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை, சர்ட்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தி, மாவட்ட அணி, மாநில அணி, பல்கலைக்கழக அணி என்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்ததன் ரகசியம் இதுவே.

ஆயினும் படிகள் குறைவு; ஏற வந்தவர்களோ அநேகர். பலருடைய கணக்கு இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும். வேலை கிடைத்தவர் அணியில் நீடித்தார். கிடைக்காதவர் ஊருக்குத் திரும்பி, லாரியோ டிராக்டரோ ஓட்டிக்கொண்டு, பொங்கலுக்குப் பொங்கல் களமிறங்கி, கடைசியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓய்ந்தார். கணுக்காலைப் பிடிக்கிறவனுக்குக் கைவிரல் எலும்பும், குறுக்கே பாய்கிறவனுக்குத் தோள்பட்டையும், எல்லோருக்கும் முழங்காலும் காலன் வாய்ப்பட்டவை. உளுத்தமாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, கட்டுக்கட்டி, பதினைந்தாம் நாள் மறுபடியும் ஆடப் போனவர்களின் கால்கள் அறுபது வயதில் படியேற மறுக்கின்றன. அவர்களில் சிலர் நடுவர்களாயினர்; சிலர் சம்பளமின்றிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தனர்; அடுத்த தலைமுறை ஆட்டம் தழைத்தது அவர்களால்தான்.

இவர்களினின்றும் மேலே எழுந்து தேசப் பிரசித்தி பெற்றவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்து, 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசனுடைய வாழ்க்கையைத் தழுவி, 2025-இல் ‘பைசன்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. ஆனால் நம் விஷயத்துக்கு மிகவும் அணுக்கமானவர், கொள்ளிடத்துக்குத் தென்கரையில், தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன். அவர் பாடிப் பேர் வாங்கியவரல்லர். கார்னரில் நின்று பிடித்தவர். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. மற்றவர் ஓய்வு பெற்று ஊர்திரும்பும் வயது அது. அதற்குப் பிறகே அவர் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று பட்டம் வென்றார். அதே வருஷம் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் ஆடினார். 2019-இல் ஹரியானா அணிக்குத் தலைமை வகித்தார். வடநாட்டு இளைஞர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். இத்தனை வருஷ காலம் மண்ணில் கழித்த பயிற்சிதான் அந்த நாற்பது வயதுக் கால்களை ‘மேட்’ என்னும் விரிப்பின்மேல் நிறுத்தி வைத்தது. இடையில் அந்த லீக் தொடங்கப்படாமல் போயிருந்தால், இன்று நாம் அவருடைய பெயரைக்கூட அறிந்திருக்கமாட்டோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேட்டும் தொலைக்காட்சியும் வந்து மண்ணின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டன என்று குறைப்படுவோர் பலர். மண்ணில் சறுக்கிப் பிடித்த பழைய பிடிகள் சில மேட்டில் செல்லவில்லை. வெறுங்காலில் ஆடியவர்கள் ஷூவுக்குப் பழக வேண்டியதாயிற்று. மூச்சின் இடத்தை முப்பது வினாடிக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. இவை மெய்யே. ஆனால் பாடி எடுத்த பாயிண்டு இவ்வளவு, பிடித்து எடுத்த பாயிண்டு இவ்வளவு என்று ஆள் ஆளாகப் பிரித்துக் கணக்கிட்டு, கோடிக் கணக்கான ஜனங்களுக்கு முன்னால் காட்டியது அதே தொலைக்காட்சிதான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் கூடுதல் பாயிண்டு என்ற விதியும் பிடியாட்டக்காரனுக்கு ஒரு கௌரவத்தை உண்டாக்கிற்று. 2018-ஆம் வருஷத்து ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர், ஈரான் தேசத்துப் பிடியாட்டக்காரராகிய ஃபசல் அத்ராச்சலி. அதே வருஷம் ஜகார்த்தாவில், 1990 முதல் ஆசிய விளையாட்டில் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதிருந்த இந்திய ஆடவர் அணியை, அரையிறுதியில் 27-க்கு 18 என்ற கணக்கில் ஈரான் வீழ்த்தி அனுப்பியது. பிடிப்பவனை மதியாத ஆட்டத்துக்குக் கிடைத்த பாடமாகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி எழுதத் தொடங்கிய கணக்கு 2014-லிருந்துதான் ஆரம்பமாகிறது. அதற்கு முற்பட்ட அறுபது எழுபது வருஷத்துக் கணக்கு பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் முதியவர்களின் ஞாபகத்திலும், மங்கிப்போன ஒரு குழுப் புகைப்படத்திலும், பரணில் கிடக்கும் கேடயத்தின் அடியில் பொறித்த வருஷத்திலும் மட்டுமே தங்கியிருக்கிறது. செப்பேடும் கல்வெட்டும் தேடித் திரியும் நம் ஆராய்ச்சியாளருக்கு இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஒரு சீமையின் ஜனங்கள் தம் ஓய்வை எப்படிக் கழித்தார்கள், எந்தக் கதவைத் தட்டி உத்தியோகம் பெற்றார்கள், யாருடைய கையை யார் கோத்துக்கொண்டார்கள் என்பவை சரித்திரமாகாவிட்டால், வேறெது சரித்திரமாகும்? இவ்விரு மாவட்டங்களிலும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள், தம் மாணவர்களை ஊருக்கு இருவராக அனுப்பி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர், ஊர், ஆடிய வருஷம், நின்ற ஸ்தானம், பார்த்த வேலை ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதிவரச் செய்து, அந்த ஏட்டின் பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் வைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆதலால் இந்தப் பணியை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவைக்கலாகாது.